பூட்டியிருந்த கோப்பு

யட்டியாந்தோட்டை அலுவலகத்தில் எழுத்துப் பிழையில்லாமல் தமிழ் தட்டச்சு செய்யத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் இந்த வாக்குமூலத்தை நானே தட்டச்சு செய்து தருகிறேன் என்று கேட்டேன். இன்ஸ்பெக்டர் மர்சூக் சம்மதிக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல அவரே எழுதுகிறார். பரவாயில்லை.

என் பெயர் மெல்வின். பதின்மூன்று வருடமாக ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. ரப்பர் தோட்டங்களிலிருந்து அடிபட்டு வரும் பெண்களின் முறைப்பாடுகளைக் கேட்டு எழுதுவது என் பொறுப்பு. போன வருடம் உதவிக்கு என்று ஏஞ்சலினை எடுத்தார்கள். இருபத்தாறு வயதுப் பிள்ளை.

ஷாமிளா தெஹியோவிட்டப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். முதல் தடவை வந்தபோது அவள் சொன்னதை நான்தான் எழுதினேன். புருஷன் கிருஷ்ணராஜ் குடித்துவிட்டு அடிக்கிறான் என்றாள். குடும்பம் என்றால் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும் அல்லவா. அவனைக் கடைத்தெருவில் பிடித்து, அவள் சொன்னதையெல்லாம் எடுத்துச் சொல்லி, புத்தி சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். அந்த வாரம் அவளுடைய இடது கை முறிந்தது. அதையும் இதையும் முடிச்சுப் போடக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

கையில் கட்டோடு மறுபடி வந்தாள்.

"ஏஞ்சலின் மிஸ் இருக்காங்களா சேர்?"

"என்கிட்ட சொல்லும்மா. ஒன் பைல் என்கிட்டதான் இருக்கு."

"உங்ககிட்ட சொல்ல ஏலாது சேர். நான் இங்க சொன்னது ஒவ்வொண்ணையும் எங்க வீட்டுக்காரரு வாயால திரும்பக் கேட்டேன்."

வாங்குப் பலகையில் காத்திருந்த பத்துப் பேர் காதிலும் அது விழுந்தது. அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் புத்தி சரியில்லாதவள் என்று சொல்லிவிடலாம். ஏஞ்சலின் அவளை உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். என் அலுவலகத்தில், என் முகத்துக்கு எதிரே சாத்தினாள். அடுத்த மாதம் ஷாமிளாவைத் தோட்டத்திலிருந்து, புருஷனுக்குத் தெரியாமல், எங்கோ கொண்டுபோய் வைத்தார்கள். எங்கே என்று எனக்குச் சொல்லவில்லை.

மார்ச்சில் கொழும்புத் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. நாங்கள் இணையத்தில் சேமித்து வைத்திருக்கும் கோப்புகளில் எவை வெளியாட்களும் திறக்கும்படி கிடக்கின்றன என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு ஏஐ கருவி தந்திருந்தார்கள். தமிழில் கேட்டால் அதுவே ஒவ்வொரு கோப்பாகப் போய்ப் பார்த்து வந்து சொல்லும். மூடச் சொன்னால் மூடும். கிளையின் நிர்வாகக் கணக்கு என் பெயரில் இருந்ததால் வேலை எனக்கு வந்தது.

நல்ல கருவி. நானூறு கோப்புகளைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டது. மூன்று திறந்து கிடந்தன. ஒன்று பழைய கூட்டப் படங்கள், மற்ற இரண்டும் முகாம் அறிவித்தல்கள். மூடச் சொன்னேன், மூடியது. பிறகு, பாதுகாப்பாக இருப்பவை என்று மற்றவற்றை வரிசையாகக் காட்டியது. அதில் ஷாமிளாவின் பெயர் இருந்தது. பார்க்கும் உரிமை ஏஞ்சலினுக்கு மட்டும். பதின்மூன்று வருடம் வேலை செய்தவனுக்கு இல்லை.

அந்தக் கோப்பை எல்லோருக்கும் திறந்துவிடச் சொன்னேன்.

"இதில் ஒருவர் தங்கியிருக்கும் முகவரி உள்ளது. இணைப்பு கிடைக்கும் எவரும் படிக்கலாம். நிச்சயமா?" என்று கேட்டது. ஆம் என்றேன். ஒரு இயந்திரம்கூட என்னை மறு கேள்வி கேட்கும் இடத்துக்குக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

படித்தேன். ஒன்பது பக்கம். வரக்காப்பொலவில் ஒரு தையல் கடை, அதன் மாடி அறை. நான்காம் பக்கத்தில் என் பெயர் இரண்டு தடவை. எழுத்துப் பிழைகள் ஏழு.

தோட்டத்து ஆட்களுக்காக நாங்கள் ஒரு வட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். "ஞாயிற்றுக்கிழமை பல் வைத்திய முகாம், விவரம் இங்கே" என்று எழுதி, கீழே இந்தக் கோப்பின் இணைப்பை ஒட்டினேன்.

கால் மணி நேரத்தில் மருதாயி போனில் பேசினாள். தோட்டத்தில் ஷாமிளா குடியிருந்த அதே லயத்து வரிசை வீட்டுக்காரி.

"சேர், மாறிப் போட்டிருக்கீங்க. ஷாமிளா புள்ள கதையெல்லாம் இதுல கெடக்கு. சுருக்கா அழிங்க சேர், அவன் கண்ணுல பட்டுறப் போகுது."

"பாக்குறேம்மா" என்றேன். பிறகு சாப்பிடப் போனேன்.

இன்னும் நான்கு தடவை அழைத்தாள். மூன்று மணிக்கு அழித்தேன். கோப்பையும் மூடச் சொன்னேன். இனி வெளியாட்கள் எவரும் இதைத் திறக்க முடியாது என்று கருவி ஒழுங்காக அறிவித்தது.

மறுநாள் காலை கிருஷ்ணராஜ் முதல் பஸ்ஸில் வரக்காப்பொல போனான். ரப்பர் பாலை உறைய வைக்கும் அசிட் ஒரு போத்தல் கொண்டுபோனான். ஷாமிளா அப்போதுதான் கடையைத் திறந்துகொண்டிருந்தாள். உயிரோடு இருக்கிறாள். வலது கண் போய்விட்டது. மற்றதைப் பற்றி டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து ஏஞ்சலின் என் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"கை தவறிப் போட்டேன்னு சொல்லுங்க சேர். தயவுசெஞ்சு அப்படிச் சொல்லுங்க."

அப்படியே சொன்னேன். ஒரு வாரம் அதுவே உண்மையாகவும் இருந்தது. பிறகு தலைமையகம் கருவியிடம் கேட்டது. எத்தனை மணிக்குத் திறக்கச் சொன்னேன், அது எதை எச்சரித்தது, நான் என்ன பதில் சொன்னேன் என்று எல்லாவற்றையும் அது குறித்து வைத்திருந்தது.

அதற்குத் தெரியாத ஒன்றை நானே சொல்கிறேன். கிருஷ்ணராஜ் அந்தக் குழுவில் இருந்தவன் இல்லை. இணைப்பை ஒட்டுவதற்குச் சற்று முன்னால் அவன் நம்பரைச் சேர்த்தது நான். படித்தால் அவன் சும்மா இருக்க மாட்டான் என்று தெரிந்துதான் சேர்த்தேன்.

எழுதி முடித்ததை மர்சூக் வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் "ஆத்திரத்தில்" என்று எழுதியிருந்தார். அந்தச் சொல்லை மட்டும் வெட்டச் சொன்னேன். ஷாமிளா மேல் எனக்கு ஓர் ஆத்திரமும் கிடையாது. எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவள் மரியாதையாக என்னிடம் வந்து நடந்ததைச் சொல்லட்டும், முறைப்பாட்டை நானே எழுதித் தருகிறேன்.