மூட்டைன்னு கூப்புடுங்க

பரிதி: ...அதான் சொல்றேன்க்கா, மைக்குல மேக்ஸ்னு கூப்பிட்டா நீ போயி நின்னுடு. வேற எதுவும் பேசாத.

தமிழ்நிலா: மேக்ஸா? அது யாருடா?

பரிதி: நம்ம... நம்ம மூட்டைதான்.

தமிழ்நிலா: டேய்! கொள்முதல் நிலையத்துல நெல்லு மூட்டைக்கு நடுவுல பொறந்துச்சுன்னு அம்மா வெச்ச பேருடா அது. நன்னிலத்துலேர்ந்து தஞ்சாவூர் வரைக்கும் லோடு ஆட்டோவுல மூட்டையத்தான் ஏத்திட்டு வந்திருக்கேன். மேக்ஸ ஏத்திட்டு வரல.

பரிதி: நாய்க் கண்காட்சிக்கா... எல்லாம் பெரிய வீட்டு நாயி. ஃபாரத்துல மூட்டைன்னு போட்டா சிரிப்பாங்க.

தமிழ்நிலா: சிரிக்கட்டும். பல்லு அவங்க பல்லு.

பரிதி: இன்னொண்ணும் போட்டிருக்கேன்... கோவப்படாத.

தமிழ்நிலா: சொல்லித் தொலை.

பரிதி: இனம்னு ஒரு கட்டம் இருந்துச்சு...

தமிழ்நிலா: ஆமா. இந்த வருசம் கலப்பு நாயும் வரலாம்னு நோட்டீஸ்லயே போட்டிருந்துச்சு. கலப்புன்னு எழுதுன்னு சொல்லித்தானே ஒன்கிட்ட விட்டேன்?

பரிதி: லேப்ரடார்னு போட்டுட்டேன்.

தமிழ்நிலா: மூட்டைய கடைசியா எப்படா பாத்த? ஒரு காது நிக்குது, ஒரு காது தொங்குது. வாலு சுருண்டு முதுகு மேல கெடக்கு. இத எவன்டா லேப்ரடார்ம்பான்?

பரிதி: கலரு... கொஞ்சம்...

தமிழ்நிலா: கலரா! மெட்ராஸுக்கு பார்சல் குடுக்குற வேலைக்குப் போனியா, கண்ணக் குடுத்துட்டு வந்தியா? ...யாருடா ஒன் பின்னாடி பட்டுக்கோட்டை பட்டுக்கோட்டைன்னு கத்துறது?

பரிதி: டிவிக்கா. மெட்ராஸ்ல, ரூம்லதான் இருக்கேன்... நியூஸ் ஓடுது.

தமிழ்நிலா: ம்... நியூஸு. சரி, இரு. கண்காட்சி நடத்துற சங்கத்து செயலாளர் அட்டையத் தூக்கிட்டு வர்றாரு. ஸ்பீக்கர்லயே இருக்கட்டும், வெச்சுடாத.

நாகேஸ்வரன்: ஏம்மா, மேக்ஸ், மேக்ஸ்னு மூணு தடவ கூப்பிட்டாச்சு. நாய் திரும்பிக்கூடப் பாக்கலையே?

தமிழ்நிலா: அது அதும் பேரு இல்லீங்க சார். மூட்டைன்னு கூப்புடுங்க.

நாகேஸ்வரன்: மூட்டையா? ...சரி, அது கெடக்கட்டும். லேப்ரடார்னு எழுதியிருக்கு. பேப்பர் எங்க? இதோட அப்பா யாரு, அம்மா யாருன்னு சர்டிபிகேட் இருக்கணுமே?

பரிதி: வீட்டுல இருக்குன்னு சொல்லுக்கா!

நாகேஸ்வரன்: யாரும்மா போன்ல?

தமிழ்நிலா: தம்பி, சார். கொஞ்சம் பயந்தவன். பேப்பர் கெடையாது. இது லேப்ரடாரும் கெடையாது. அவன் தப்பா எழுதிட்டான். கலப்பு.

நாகேஸ்வரன்: கலப்ப உள்ள விடலாமா வேண்டாமான்னு கமிட்டியில எட்டு மாசம் சண்டைம்மா. வேண்டாம்னு கை தூக்குனவன்ல நானும் ஒருத்தன். இப்ப பாரு, மொத வருசமே பொய் ஃபாரம். தள்ளுபடிதான். கெளம்பும்மா.

பரிதி: வந்துரு, அக்கா. சொன்னா கேளு. அடுத்து எந்த ஊருன்னு கேப்பாங்க. அப்பறம் எந்தத் தெருன்னு கேப்பாங்க...

தமிழ்நிலா: கேட்டா சொல்றேன். நம்ம தெருவுக்குப் பேரு இல்லையா என்ன? ...சார், இது அழகு பாக்குற போட்டியா, சொன்ன பேச்சு கேக்குதான்னு பாக்குற போட்டியா?

நாகேஸ்வரன்: கீழ்ப்படிதல் போட்டி...

தமிழ்நிலா: அப்ப உக்காரப்போறது நாயா, காகிதமா?

நாகேஸ்வரன்: விதின்னு ஒண்ணு இருக்கில்லம்மா...

தமிழ்நிலா: பேனாவக் குடுங்க. பொய்ய அடிச்சுட்டு பக்கத்துல உண்மைய எழுதுறேன். கையெழுத்தும் போடுறேன். அதுக்கப்பறமும் போன்னு சொன்னா, கயிறு கட்டியிருக்கீங்கள்ல, அதுக்கு நடுவுல போயி உக்காந்துருவோம். நானும் மூட்டையும். தூக்கிட்டுப் போங்க.

பரிதி: ஐயோ...

நாகேஸ்வரன்: எல்லாரும் பாக்குறாங்கம்மா!

தமிழ்நிலா: பாக்கத்தானே சார் வந்திருக்காங்க.

நாகேஸ்வரன்: ...இந்தா, எழுது. ஒரே ஒரு வாய்ப்புதான். கோழிக்கறித் தட்டு முன்னாடி மூணு நிமிசம் அசையாம உக்காரணும். எந்திரிச்சுச்சுன்னா மறுபேச்சு இல்லாம கெளம்பிடணும்.

தமிழ்நிலா: சரிங்க. ...மூட்டை, உக்காரு. அங்கயே இரு.

பரிதி: அக்கா... என்ன நடக்குது?

தமிழ்நிலா: மெதுவாப் பேசு. நான் இருபதடி தள்ளி நிக்கிறேன். தட்டு அது மூக்குக்கு நேரா இருக்கு. எச்சி ஊறுது.

பரிதி: மூட்டைக்கா?

தமிழ்நிலா: எனக்குடா. காலையிலேர்ந்து ஒண்ணும் திங்கல.

பரிதி: எந்திரிச்சுரும்க்கா. கறியப் பாத்தா எந்த நாயி...

தமிழ்நிலா: அறுப்பு நேரத்துல தார் ரோட்டுல நெல்லக் காயப்போட்டா யாருடா காவலு? ஒரு நெல்லு மேல காலு படாம ஓரமாவே பகல் பூரா உக்காந்திருக்குமே. பஸ்ஸு ஆரன் அடிச்சாலும் நகராது. இந்த மூணு நிமிசம் அதுக்கு... ஐயையோ!

பரிதி: எந்திரிச்சுருச்சா?

தமிழ்நிலா: பக்கத்து வரிசையிலேர்ந்து ஒரு லேப்ரடாரு, ஆள இழுத்துக்கிட்டு ஓடியாந்து தட்டக் காலி பண்ணிட்டுப் போவுதுடா!

பரிதி: நெச லேப்ரடாரா?

தமிழ்நிலா: பேப்பரோட.

பரிதி: மூட்டை?

தமிழ்நிலா: உக்காந்து வேடிக்கை பாக்குது.

நாகேஸ்வரன்: நேரம் முடிஞ்சுது. அசையவே இல்லையேம்மா... ம். தேறிடுச்சு. சான்றிதழ்ல அப்பா இனம், அம்மா இனம்னு ரெண்டு கட்டம் இருக்கு. காலியா விட்டுடட்டுமா?

தமிழ்நிலா: காலியா விடாதீங்க சார். கேக்க வேண்டியதில்லைன்னு எழுதுங்க.

நாகேஸ்வரன்: அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா.

தமிழ்நிலா: அப்ப ரெண்டுலயும் குறுக்கக் கோடு போடுங்க. நல்லா அழுத்திப் போடுங்க. பேரு மட்டும் பெருசா தெரியட்டும்.

நாகேஸ்வரன்: மூ... ட்... டை. போதுமா?

தமிழ்நிலா: போதுங்க சார். ...டேய், கேட்டுச்சா? பரிதி? ...அழுவுறியா?

பரிதி: இல்ல... அக்கா, ஆட்டோவுல ஒரு ஆளுக்கும் ஒரு பெட்டிக்கும் எடம் இருக்குமா?

தமிழ்நிலா: எந்த ஆளுக்கு?

பரிதி: டிவி இல்லக்கா அது. நான் தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கேன், காலையிலேர்ந்து. குடி போனப்ப வீட்டு ஓனர் ஊர்ல எந்தத் தெருன்னு கேட்டாரு. மேலத்தெருன்னு சொல்லிட்டேன்... பயம். அவருக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. நேத்து பெட்டியத் தூக்கி வெளிய வெச்சுட்டாரு. எவன் சொன்னான்னுதான் தெரியல.

தமிழ்நிலா: நாந்தான்டா சொன்னேன். வாடகை ஃபாரத்துல நீ போட்ட என் நம்பருக்கு முந்தாநாள் போன் பண்ணி, நீங்க மேலத்தெருதானேன்னு கேட்டாரு. இல்லீங்க, காலனித்தெரு, நல்லா எழுதிக்குங்கன்னேன். மூட்டை ஃபாரத்துப் பொய்ய இன்னிக்குத்தான் அடிச்சேன்... ஒன் ஃபாரத்துப் பொய்ய அன்னிக்கே அடிச்சுட்டேன். பட்டுக்கோட்டை சத்தம் கேட்டப்பவே தெரியும், நீ எங்க உக்காந்திருக்கேன்னு. திட்டுறதுன்னா நேர்ல திட்டு. பெட்டிய விட்டுட்டு எங்கயும் போவாத, மூட்டையோட வர்றேன்.