அறுபதாவது புத்தகம்

இல்ல மேடம், நிக்கிறேன், பழகிடுச்சு. அவ அனுப்பல. நான் இங்க வந்ததே என் பொண்ணுக்குத் தெரியாது. நாளைக்கு வாய்மொழித் தேர்வுல, அவ ஆய்வேட்டுல மேற்கோள் எடுத்த அந்தப் புத்தகத்தக் கொண்டாந்து காட்டலேன்னா பட்டத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னீங்களாமே. மூணு நாளா ஒன்பது லைப்ரரி ஏறி எறங்கிட்டா.

அதான் சொல்ல வந்தேன். அது கெடைக்காது மேடம்.

நான் ஆய்வேடு டைப் அடிக்கிறவன். எட்டாவதோட படிப்பு நின்னுச்சு, ஆனா ஒரு கமா தப்பா விழாது. இருபத்திரெண்டு வருசம் முன்னாடி ஒரு மாணவர் தன்னோட ஆய்வேட்ட அடிக்கக் குடுத்துட்டு ஊருக்குப் போயிட்டாரு. கடைசிப் பட்டியல்ல அறுபது புத்தகம் இருக்கணும்னு அவரோட கைடு கண்டிப்பா சொல்லியிருந்தாரு. எண்ணிப் பாத்தா அம்பத்தொம்பது. போன்ல கேட்டேன், அண்ணே நீங்களே ஒண்ணு போட்டுக்குங்கன்னாரு. போட்டேன். தலைப்பு, எழுதினவரு, வருசம், எரநூத்திப் பன்னெண்டு பக்கம், எல்லாம் நானா வச்சது.

சிரிங்க மேடம், பரவால்ல. அடுத்த வருசம் இன்னொருத்தரு அதப் பாத்து எழுதுனாரு. அப்புறம் வரிசையா. நாப்பத்தோரு ஆய்வேட்டுல நானே அத அடிச்சிருக்கேன், வாயத் தெறக்கல. மூணு பேரு ரெண்டாம் பதிப்புன்னு வேற எழுதிக் குடுத்தாங்க, மொதப் பதிப்பே வராத புத்தகத்துக்கு. ஒருத்தரு தொண்ணூத்தேழாம் பக்கத்துலேருந்து நாலு வரி மேற்கோளே எடுத்துட்டாரு. அவருதான் இப்ப என் பொண்ணுக்குக் கைடு. தேடும்மா, தேடுன்னு சொல்லிட்டு மூணு நாளா போன எடுக்கறதில்ல.

ஆமா, என் பொண்ணு போட்டிருக்கறதும் அதே நாலு வரிதான். இப்ப நான் சொன்னா நாப்பத்தோரு பேரு என் கழுத்தப் புடிப்பாங்க. சொல்லலேன்னா அவ பொய்க்காரி.

அதுவும் வாஸ்தவம்தான் மேடம். இன்னாரோட ஆய்வேட்டுலேருந்து எடுத்ததுன்னு ஒரு வரி போட்டிருந்தா நீங்க அவரத்தான் கேட்டிருப்பீங்க. அவளும் அதையே சொல்லிச் சொல்லி அழறா, எப்படிப்பா விட்டேன்னு.

அவ விடல. இந்தாங்க, அவ கையால எழுதிக் குடுத்த பக்கம். கீழ பாருங்க, கைடோட ஆய்வேட்டுலேருந்து எடுத்ததுன்னு தெளிவா எழுதியிருக்கா. அந்த வரியப் புடிச்சுக்கிட்டு யாராவது என் கடை வரைக்கும் வந்துடுவாங்களோன்னு, டைப் அடிக்கறப்ப நான்தான் எடுத்துட்டேன்.

அப்பா அடிச்சதாச்சேன்னு அவ திருப்பிக்கூடப் பாக்கல.