யூனிஸின் விண்ணப்பம்

சேலையூரில் யார் வீட்டுச் சுக்குக் காபி நன்றாக இருக்கும் என்று கேட்டால், ரத்தினபாய் டீச்சர் வீட்டுக் காபி என்றுதான் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு என் வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் காபிக்காகத்தான் வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதில் எனக்கு வருத்தமில்லை. காபிக்கு வந்தாலும் முழங்கால் போட்டுவிட்டுத்தானே குடிக்க வேண்டும். நீங்களும் ஒரு டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள், போதகர் ஐயா. நான் சொல்லப்போவது கொஞ்சம் நீளம்.

ஞாயிற்றுக்கிழமை யூனிஸுக்கு நினைவு ஆராதனை வைத்திருக்கிறீர்கள். அதில் என்னைப் பேசச் சொன்னீர்கள். "பதில் வராத ஜெபத்தைப் பத்தி உங்களைவிட யாருக்கு டீச்சர் தெரியும்?" என்றீர்கள். உண்மைதான். அதனால்தான் பேச மாட்டேன் என்கிறேன். நீங்கள் இந்தச் சபைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பழைய சங்கதி எதுவும் உங்களுக்குத் தெரியாது.

எனக்கு ஒரு மகன் இருந்தான். அசரியா என்று பெயர். அறுபத்தொன்றாம் வருஷம் அவனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. சபையே உபவாசம் இருந்தது. பெண்கள் முறைபோட்டு இரவும் பகலும் ஜெபித்தார்கள். ஒருநாள் காலை கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டான். பதில் வந்துவிட்டது என்று எல்லோரும் ஸ்தோத்திரப் பாட்டுப் பாடினோம். மறுநாள் அடக்கம் செய்தோம்.

என் வீட்டுக்காரர் வேதசிரோமணி ரயில்வேயில் குமாஸ்தா. அவர் வேதப்புத்தகத்தைத் துணியில் சுற்றி அலமாரி மேல் வைத்தார். சாகிறவரை கோயில் வாசலை மிதிக்கவில்லை. எனக்கு அந்தத் தைரியம் இல்லை. சின்ன வயசிலிருந்து கட்டி எழுப்பியதை எந்த அலமாரியில் வைப்பேன்? ஆகவே உட்கார்ந்து யோசித்தேன். ஜெபம் என்பது வாங்குவதற்கு என்றால், கர்த்தர் என் முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்று சொல்லியிருக்கிறார். ஜெபம் வாங்குவதற்கே அல்ல, கேட்கிறவரைப் பக்குவப்படுத்துவதற்கு என்றால், அவர் யாருக்கும் எதையும் மறுக்கவில்லை. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனேயில் கேட்ட இயேசுவுக்கே கேட்டது கிடைக்கவில்லையே. இதைத்தான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்லிக்கொடுத்தேன். மகளுக்கு வரன் அமையாதவர்கள், பிரமோஷன் தள்ளிப்போனவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆறுதலாகப் போனார்கள்.

யூனிஸ் எங்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். புருஷன் இல்லை. ஒரே பையன், சாலமோன். எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறிவிட்டான் என்று, அக்கம்பக்கத்தார் பார்க்க, "இனி என் முகத்துல முழிக்காதே" என்று கத்திவிட்டாள். பையன் ரோஷக்காரன். சொன்னதைச் செய்துவிட்டான், அன்றைக்கே வீட்டைவிட்டுப் போய்விட்டான். இவள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். நான்தான் கையைப் பிடித்து வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குக் கூட்டிவந்தேன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேட்டது கிடைத்தவர்கள் எழுந்து நின்று சாட்சி சொல்வார்கள். வேலை கிடைத்ததை ஒருவர் சொல்வார். பியூலாவுக்குச் சுகப்பிரசவம் ஆனது. புஷ்பத்தின் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் ஊறியது. ஒவ்வொருவராக எழுந்திருப்பார்கள். பாயில் மிச்சம் உட்கார்ந்திருப்பது நானும் யூனிஸும்தான். அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள். அவள் வருவதற்கு முன் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் வந்தால் மகனுக்கு ஒரு சட்டை தைத்துவிடுவாள். வருஷத்துக்கு வருஷம் வளர்ந்திருப்பானே என்று உத்தேசமாகக் கூட்டிக் கூட்டித் தைப்பாள். டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைப்பாள்.

அறுபத்தேழில், ஒரு மத்தியான வேளை. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். தாடி வைத்த ஒருவன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

"டீச்சர், என்னைத் தெரியுதா?"

தாடி என்ன மறைக்கும்? அப்படியே யூனிஸின் மூக்கு. தூத்துக்குடிக்கும் மெட்ராசுக்கும் ஓடுகிற லாரியில் கிளீனராக இருப்பதாகச் சொன்னான். வண்டி பெருங்களத்தூர் ஷெட்டில் நிற்கிறதாம். கையில் திருநெல்வேலி அல்வாப் பொட்டலம். சேலையூர் பஸ்ஸை மூன்று தரம் விட்டுவிட்டானாம், ஏற மனசு வராமல். பார்க்கப் பாவமாக இருந்தது. பக்கத்துக் கடையில் டீ வாங்கிக் கொடுத்தேன்.

"அம்மா எப்படி இருக்காங்க டீச்சர்?"

"நல்லா இருக்காங்கப்பா."

"என்னைப் பத்தி எப்பவாவது பேசுவாங்களா?"

அவன் அப்படிக் கேட்காமல் இருந்திருந்தால், நானே பஸ் ஏற்றி வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டிருப்பேன். அப்படித்தான் நம்புகிறேன். கேட்டதும் வரப்போகிற வெள்ளிக்கிழமை என் கண்ணுக்குத் தெரிந்தது. யூனிஸ் எழுந்து நிற்கிறாள். அழுகிறாள். எல்லோரும் கையைத் தட்டி, ஜெபத்தைக் கேட்கிற தேவன் என்று பாடுகிறார்கள். அவர் கேட்கிறவர்தான் என்றால், அசரியாவுக்காக நான் கதறியதும் அவர் காதில் விழுந்திருக்கிறது. விழுந்தும் சும்மா இருந்திருக்கிறார். இதை நான் தாங்கியிருக்க மாட்டேன், ஐயா.

"இல்லப்பா," என்றேன். "எனக்குப் பிள்ளையே இல்லைன்னு சபையில எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. இப்பதான் கொஞ்சம் தூங்குறாங்க. நீ போய் நின்னா அவங்க உடம்பு தாங்காது."

நான் குரலை உயர்த்தவில்லை. அவனைப் போ என்று சொல்லவும் இல்லை. அவனாகத்தான் போனான். அல்வாவை என்னிடமே கொடுத்தான். "நீங்களாச்சும் சாப்பிடுங்க டீச்சர்" என்றான்.

பண்டத்தை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. அந்த வெள்ளிக்கிழமை காபியோடு எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். யூனிஸுக்குக் கொஞ்சம் கூடவே வைத்தேன். "ருசியா இருக்கே, யார் கொண்டுவந்தா?" என்று கேட்டாள். தெரிந்த பையன் ஒருவன் என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

அந்த வருஷக் கிறிஸ்துமஸ் சட்டைக்கு அவள் துணி வெட்டும்போது பக்கத்தில் இருந்தேன். "தோள் பத்தாது யூனிஸ், இன்னும் அகலமா விடு" என்று வாய் தவறி வந்துவிட்டது. கத்தரிக்கோலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சமாளிக்க வேண்டுமே. ஜெபத்தில் அப்படித் தோன்றியது என்றேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "கர்த்தர் உங்களுக்குக் காட்டியிருக்காரு டீச்சர். எம்புள்ள உயிரோட இருக்கான். நல்லா வளர்ந்திருக்கான்" என்று என் இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் அளவு என்னிடம்தான் கேட்பாள். நானும் யோசித்துச் சரியாகச் சொல்வேன். அவளுக்கு அத்தனை சந்தோஷத்தை வேறு யார் கொடுத்தார்கள்?

அவளுடைய ஜெபமும் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. பெருங்களத்தூர், பொத்தேரி என்று பல இடங்களிலிருந்தும் பெண்கள் வந்து, அவள் ஜெபிப்பதைக் கேட்டு அழுதார்கள். மகன் வந்திருந்தால் இதெல்லாம் உண்டா? பதில் கிடைத்தவர்கள் நாலு வாரம் வருவார்கள், அப்புறம் காணாமல் போவார்கள். பல வருஷமாகப் பார்க்கிறேன். அந்தப் பையனும் வந்து இரண்டு மாசம் இருந்து, மறுபடி சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பான். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பகலில் அது போதுமானதாக இருந்தது.

போன வருஷம் அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. முற்றிவிட்டது என்றார்கள். அன்றைக்கே பஸ் ஏறிப் பெருங்களத்தூர் லாரி ஷெட்டுக்குப் போனேன். சேட்டு என்று ஒரு வயசான டிரைவர். அவருடைய வண்டியில்தான் சாலமோன் ஓடிக்கொண்டிருந்தானாம்.

"சாலமோனா? இன்னாம்மா, இத்தினி வருசம் கயிச்சி வந்து கேக்குற? அன்னிக்கு ஆத்தாளப் பாத்துட்டு வரேன்னுதான் போனான். திரும்பி வந்து வண்டில ஏறனவன், திண்டிவனம் வரிக்கும் அழுதுகினே வந்தான். இன்னாடான்னா வாயே தொறக்கல. தூத்துக்குடில எறங்கிக்கினான். கப்பல்ல வேல கெடச்சி பூட்டான்னு சொன்னாங்கோ. எந்த ஊரு, இருக்கானா இல்லியா, ஒண்ணும் தெரியாது."

ஷெட்டுக்கு வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில் நின்றேன். லாரி லாரியாகப் போய்க்கொண்டிருந்தது. அசரியாவுக்குப் பிறகு முதல் தடவையாக, வாங்குவதற்காகவே கேட்டேன். அவனைக் கொண்டுவந்து விடும், கர்த்தாவே, என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும் என்று கேட்டேன். தினமும் கேட்டேன். யூனிஸுக்குச் சொல்லிக்கொடுத்த பக்குவம் எதுவும் எனக்கு உதவவில்லை. அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொல்லி என்ன கொடுப்பேன்? பையன் எங்கே என்று கேட்டால் எந்தத் திசையைக் காட்டுவேன்?

கடைசி நாளில் அவளுக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. என்னைக் கிட்டே வரச் சொன்னாள்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டாரா?"

"கேட்டார் யூனிஸ்," என்றேன். "எப்பவோ கேட்டுட்டார்."

இத்தனை வருஷத்தில் இந்த விஷயத்தில் நான் அவளிடம் சொன்ன ஒரே உண்மை அதுதான். "அப்ப வந்துருவான்" என்று சிரித்தாள். சாயங்காலம் போய்விட்டாள்.

ஆகவே, நீங்கள் கேட்ட தலைப்பில் நான் எப்படிப் பேச முடியும்? பதில் வருவதில்லை என்று இனிமேல் என் வாயால் சொல்ல வராது. பதில் வருகிறது, ஐயா. கையில் பொட்டலத்தோடு ஸ்டேஷன் வாசல்வரை வந்து நிற்கிறது. யாரோ நல்ல மாதிரியாகப் பேசி, டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குக் கர்த்தர்மேல் கோபமே இல்லை. அசரியாவுக்கும் அவர் பதில் அனுப்பித்தான் இருப்பார். அதை வழியில் மறித்தவர் அன்றைக்கு முழங்கால் போட்டிருந்த கூட்டத்தில்தான் யாரோ இருக்க வேண்டும். ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரென்று தெரிந்தால், அந்த ஆளை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன்.