கதவு மரத்து ராக்கை

நான்: விடிய வேலைக்குக் கூப்பிடத் தப்பு மேளம் அடிச்சதும் எழும்புவேன். அடுப்பு மூட்டுவேன். தேத்தண்ணி வைப்பேன். முகம் கழுவுவேன். ஆட்டை வெளியில தள்ளுவேன். சட்டை போடுவேன். பள்ளிக்கூடம் போவேன்.

சோலைமலை: இருங்க, இருங்க. ஆடா?

நான்: ஆடு.

சோலைமலை: லியனார்ட் வாத்தியாரு எப்ப ஆடு வாங்குனீங்க?

நான்: வாங்கல. செல்லசாமியோடது. ராத்திரியில வந்து படுக்கும்.

சோலைமலை: எங்க?

நான்: சாக்குல. குளிர் கூடுனா என் கால்மாட்டுல.

சோலைமலை: மொகம் கழுவுறதுக்கும் சட்டை போடுறதுக்கும் நடுவுல சும்மா சொல்றீங்களே! வீட்டுக்குக் கதவு இருந்தா ஆடு வருமா?

நான்: வராது.

சோலைமலை: அதத்தான் நானும் சொல்றேன். வாசல மறிக்காதீங்க. புதுக் கதவு தலைய அழுத்துது.

நான்: இறக்கி வைங்க, தச்சு பாஸ்.

சோலைமலை: வைக்க மாட்டேன். வச்சா இதையும் அறுத்துருவீங்க.

நான்: ரம்பம் உங்ககிட்டதானே இருக்கு.

சோலைமலை: மெதுவாப் பேசுங்க! நாளைக்குத் தொரை லயத்து வீடுகளப் பாக்க வாறாரு. பெரிய கிளாக்கர் என்னயக் கூப்புட்டு, "வாத்தியாரு வீட்டுக் கதவு எங்கடா?"ன்னு கேட்டாரு. நான் என்ன சொல்ல?

நான்: அடுப்படியில இருக்குன்னு சொல்லியிருக்கலாம்.

சோலைமலை: அடுப்படியில மொளகா, மல்லி வைக்கிற ராக்கையா நிக்கிதுன்னு சொல்லவா? தோட்டத்துக் கதவ அறுக்க, தோட்டத்துத் தச்சு வேல பாக்குறவனே ரம்பம் குடுத்தான்னு தெரிஞ்சா, என் வேல போயிரும். ஒங்களுக்கு வீடு போயிரும். வீட்டப் பூட்டி சாவிய எடுத்துக்குவாங்க.

நான்: கதவு இல்லாம எப்படிப் பூட்டுவாங்க?

சோலைமலை: அது வந்து...

நான்: பாஸ்?

சோலைமலை: யோசிக்கிறேன்... அட, என்னய யோசிக்க வைக்காதீங்க! பொழுது சாயுறதுக்குள்ள மாட்டணும். தள்ளுங்க.

நான்: இது என்ன மரம்?

சோலைமலை: சவுக்கு.

நான்: சவுக்குல ராக்கை நிக்குமா?

சோலைமலை: வாத்தியாரே!

நான்: சும்மா கேட்டேன்.

சோலைமலை: அறுத்தீங்களே, அது வெள்ளக்காரத் தொரை காலத்துப் பலா. அத ராக்கைன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? ஆறடி ஒசரம். மேல் தட்டுக்கு ஏணி வேணும். கீலக் கூடக் கழட்டாம அடிச்சிருக்கீங்க.

நான்: கரண்டி மாட்ட உதவுது.

சோலைமலை: தாப்பா எங்க? பித்தளத் தாப்பா. நானே தேய்ச்சுப் போட்டது.

நான்: ஆத்துல போட்டேன்.

சோலைமலை: ஆத்துலயா? ஏன்?

நான்: ராக்கைக்குத் தாப்பா தேவையில்ல.

சோலைமலை: அதுவும் சரிதான்... என்ன சரி! ஒத்த ஆளுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய ராக்க? ஒங்ககிட்ட என்னதான் சரக்கு இருக்கு?

நான்: உப்பு.

சோலைமலை: அப்ப இந்த டின்னு, போத்தலு எல்லாம்?

நான்: ரெண்டாம் தட்டு பக்கத்து வீட்டு ராசம்மா அக்காவோடது. அடுத்தது அழகம்மா வீட்டு மொளகாத்தூள். கீழ, வீரய்யா வீட்டுக் கருவாடு.

சோலைமலை: கருவாடு சரக்கா?

நான்: இடம் இருந்துச்சு.

சோலைமலை: கருவாட்டுக்குப் பக்கத்துல மாதா படம் இருக்கே!

நான்: நேத்து மேல இருந்துச்சு. யாரோ பெருங்காயம் வைக்க எறக்கிட்டாங்க.

ராசம்மா: வாத்தியாரே, ரெண்டு கை மல்லி எடுத்துக்கிறேன்... யாரது வாசல்ல? சோலமல அண்ணனா? தலையில என்ன?

சோலைமலை: கதவு.

ராசம்மா: யாரு வீட்டுக்கு?

சோலைமலை: இந்த வீட்டுக்குத்தான்.

ராசம்மா: அய்யய்யோ, வேணாம்! வாத்தியாரு பூட்டிட்டுப் பள்ளிக்கூடம் போயிட்டா நாங்க எப்புடிக் கொழம்பு வைக்கிறது?

சோலைமலை: ஒன் சாமான ஒன் வீட்டுல வையி!

ராசம்மா: எங்க காம்பராவுல ஆளு படுக்கவே எடம் இல்ல, மல்லி எங்க படுக்கும்? லயத்துல யாருமே கதவு கேக்கலண்ணே. கொண்டு போங்க.

நான்: கேட்டீங்களா, பாஸ்?

சோலைமலை: லயமே ஒங்க பக்கம் சேந்துருச்சு போல! எல்லாம் என் தப்பு. ஒங்க சம்சாரம், அந்தப் புள்ள பவுலின் கடசியா ஆசப்பட்டுக் கேட்டுச்சேன்னு ரம்பத்தக் குடுத்தேன் பாருங்க...

ராசம்மா: என்னத்தக் கேட்டுச்சு?

சோலைமலை: ராக்க. கடசி வார்த்தையே அதுதானாமே.

ராசம்மா: யாரு சொன்னா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக் கொழுந்து லொறியில ஏத்துனப்ப பக்கத்துல நின்னவ நானு. கடசியா எங்கிட்டதான் பேசுச்சு. "அக்கா, அவருக்கு ரசம் வச்சுக் குடுங்க"ன்னுச்சு.

நான்: போன வாரம் புட்டுன்னு சொன்னீங்க.

ராசம்மா: புட்டும் சொல்லுச்சு.

சோலைமலை: நெருப்பாக் காஞ்ச ஒடம்போட போற புள்ள, சமையலா சொல்லிக்கிட்டுப் போச்சு?

ராசம்மா: லொறிச் சத்தம்ண்ணே. வாய் அசஞ்சுச்சு. ஒரு பொம்பள என்ன சொல்லியிருப்பான்னு பொம்பளைக்குத் தெரியாதா?

சோலைமலை: அப்ப ஒனக்குக் கேக்கல.

ராசம்மா: கேக்கலன்னு யாரு சொன்னா?

சோலைமலை: ராசம்மா...

ராசம்மா: சரி, கேக்கல. பொதைச்சிட்டு வந்து இந்த மனுசன் பச்சத்தண்ணி கூடக் குடிக்காமக் கெடந்தாரு. அவ சொன்னான்னு சொன்ன பெறகுதான் வாங்கிக் குடிச்சாரு. நான் என்ன செய்ய?

நான்: ரசம் நல்லா இருந்துச்சு, அக்கா.

ராசம்மா: உப்பு கூடிப்போச்சு அன்னைக்கு.

நான்: ஆமா.

சோலைமலை: அது கெடக்கட்டும். ராக்க? அதயாச்சும் கேட்டுச்சா?

ராசம்மா: அவளாவது, ராக்க கேக்குறதாவது! அஞ்சறப் பெட்டியத் தரையில மடியோட அணைச்சு வச்சுத்தான் சமைப்பா. "எந்திரிச்சு எடுக்கச் சோம்பலா இருக்கு, அக்கா"ம்பா.

சோலைமலை: வாத்தியாரே, என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க.

நான்: முகத்தைக் கதவு மறைக்குது.

சோலைமலை: கேட்டுச்சா, இல்லையா?

நான்: கேக்கல.

சோலைமலை: பொய் சொல்லியா ரம்பம் வாங்குனீங்க? படிச்ச மனுசன்!

நான்: ஆமா.

சோலைமலை: ராக்க வேணாம்னா கதவ எதுக்கு அறுத்தீங்க?

நான்: கழட்டி வச்சா நீங்க திரும்ப மாட்டிருவீங்க.

சோலைமலை: மாட்டத்தான் செய்வேன்!

நான்: அதான் அறுத்தேன். அறுத்ததுக்கு ஒரு காரணம் வேணும். ராக்கை அடிச்சேன்.

சோலைமலை: ராசம்மா, இந்தாளுக்கு வெளங்குற மாதிரி நீ ஏதாச்சும்...

ராசம்மா: அண்ணே, காலுக்குக் கீழ!

சோலைமலை: என்ன?

ராசம்மா: ஆடு! உள்ள நொழைஞ்சிருச்சு! சூ... சூ... அடியே, அது என் மல்லி! கூப்பன் கடையில வரிசையில நின்னு வாங்குன மல்லி! வாத்தியாரே, புடிங்க!

நான்: இன்னைக்குச் சீக்கிரம் வந்துருச்சு.

ராசம்மா: பாதி டின்னு காலி! அண்ணே, மாட்டுங்கண்ணே கதவ!

சோலைமலை: இப்பத்தான் வேணாம்ன?

ராசம்மா: அது மல்லி இருந்தப்ப. இப்ப மாட்டுங்க.

சோலைமலை: பாத்தீங்களா, லயமே இந்தப் பக்கம் வந்துருச்சு. வாத்தியாரே... எனக்கு மூணு புள்ளைங்க. தொரை வந்து பாக்குறப்ப இந்த எடத்துல ஒரு கதவு நிக்கணும். அவ்வளவுதான் நான் கேக்குறது.

நான்: ஆட்டைப் புடிச்சுக்கிறேன், பாஸ்.

சோலைமலை: மொதல்ல பதிலச் சொல்லுங்க.

நான்: மாட்டுங்க.

சோலைமலை: நெசமாவா?

நான்: உங்க வேலை போகக் கூடாது. மாட்டுங்க.

சோலைமலை: எறக்குறேன். ஒரு கை புடிங்க... ம். அப்புடித்தான். கழுத்து போச்சு. ராசம்மா, ஆணிய எடு... இன்னொண்ணு... வாத்தியாரே, தாங்கிப் புடிங்க, ஆடாதீங்க... ஆச்சு. பாருங்க, எவ்வளவு லட்சணமா இருக்கு! இப்ப அந்தப் புதுத் தாப்பாவ எடுங்க, என் பைக்குள்ள இருக்கு.

நான்: தாப்பா வேணாம்.

சோலைமலை: காத்துக்குத் தொறந்துக்கும்.

நான்: தொறக்கட்டும்.

சோலைமலை: ஆடு முட்டித் தள்ளிக்கிட்டு வரும்.

நான்: வரட்டும்.

சோலைமலை: நாலே ஆணி, வாத்தியாரே...

நான்: வேணாம், பாஸ்.

சோலைமலை: அப்ப ஒங்களுக்குக் கதவு மேல கோவம் இல்ல. தாப்பா மேலதான்.

நான்: ஆமா.

சோலைமலை: அடப் பாவி மனுசா! அதுக்கு ஒரு பலாக் கதவயே அறுக்கணுமா? தாப்பாவ மட்டும் கழட்டியிருந்தா போதுமே!

நான்: கழட்டினேன். ஆத்துல போட்டேன். மறுநாள் காலையில பாத்தா, கதவுக்கு அம்மிக்கல்லு முட்டுக் குடுத்திருக்கு.

ராசம்மா: யாரு குடுத்தா?

நான்: நான்தான். படுக்கப் போகும்போது செஞ்சிருக்கேன். பழக்கம். எனக்கே தெரியல.



சோலைமலை: ராத்திரியில கதவச் சாத்தி அடைக்கிறது ஒரு குத்தமா, வாத்தியாரே?

நான்: குத்தம் இல்ல.

ராசம்மா: தம்பி... லொறியில அவ வாய் அசஞ்சுச்சே. ஒங்களப் பாத்துத்தான் அசஞ்சுச்சு. நான் கிட்ட நின்னேன், எனக்குக் கேக்கல. ஒங்களுக்குக் கேட்டுச்சா?

நான்: கேட்டுச்சு.

ராசம்மா: என்ன சொன்னா?

நான்: "தாப்பா போட்டுட்டுப் படுத்துறாதீங்க. ராவைக்கே வந்துருவேன். எவ்வளவு தட்டுனாலும் நீங்க எந்திரிக்க மாட்டீங்க."