வாயுவுக்கு எடுத்த எம்.ஆர்.ஐ

வங்காளத்து டாக்குரியாவில் ஒரு ஸ்கேன் சென்டரில் என் முறைக்காகக் காத்திருந்தேன். பின் வரிசையிலிருந்து தமிழ் கேட்டது.

"வெறும் வாயுதான்னு சொன்னீங்களே! வாயு வந்தா காலு மரத்துப்போகும்னு உங்க புண்ணியத்துலதான் தெரிஞ்சுக்கிட்டேன்."

சொன்னவளுக்கு ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில் கணவர். பூஜைப் பண்டிகை முடிந்ததிலிருந்து அவளுக்கு இடுப்பிலிருந்து பாதம்வரை வலியாம்.

"எக்ஸ்ரேல எலும்பு நல்லாத்தானே இருந்துது?" என்றார் அவர்.

"அதுல எலும்புதான் தெரியும், டிஸ்க் நரம்பை அழுத்தறது தெரியாதுன்னு டாக்டர் சொன்னாரே. நீங்க அப்ப மொபைல்ல ஸ்கோர் பார்த்துட்டிருந்தீங்க."

"பெல்ட் போட்டா சரியாயிடும்னு பக்கத்து வீட்டு பெங்காலிக்காரர் சொன்னார்."

"அவர் பேங்க் மேனேஜர். குதிகாலால நடங்கன்னு டாக்டர் சொன்னப்போ என் இடது பாதம் தூக்கவே வரலையே, அதுக்கு அவர் லோன் தருவாரா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆபரேஷன்னு சொல்லிட்டா?"

"முதல்ல மாத்திரை, பிஸியோதெரபி. அப்புறமும் பாதத்துல பலம் குறைஞ்சுட்டே போனாத்தான் ஆபரேஷன். கத்தி எனக்கு, நடுக்கம் உங்களுக்கா?"

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, "தீதி, உடம்பில் நகை எதுவும் இருக்கக் கூடாது" என்று வங்காளத்தில் சொன்னாள். மனைவி வளையல்களைக் கழற்றினாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, தாலிச் சங்கிலியையும் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

"இத்தனை வருஷம் நான் சுமந்தேன். அரை மணி நேரம் நீங்க சுமங்க."

இடது காலை இழுத்தபடி உள்ளே போனாள். அவர் சங்கிலியை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு, கதவு மூடிய பிறகும் நின்றுகொண்டே இருந்தார்.