பின்ஜன்னலையும் அடைத்தவர்

லாபுவில் ரயில் ஏறிய கணவனும் மனைவியும் என் எதிரில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததுமே அந்த அம்மா கணவரிடம் சொன்னார்:

"சவப்பெட்டிக்குத்தாங்க ஜன்னல் இருக்காது."

"ரெண்டு தடவ வண்டிக் கண்ணாடிய ஒடச்சி புல்லு வெட்டுற மிசின தூக்கிட்டுப் போயிட்டானுங்க. அது இல்லாம எஸ்டேட்ல எனக்கு என்ன வேல? அதான் பிக்கப் பின்பக்கத்த மூடுற கேனப்பில இருந்த ஜன்னல எல்லாம் ஃபைபர் வச்சி அடைச்சிட்டேன்."

"ரெண்டு பக்கமும் அடைச்சீங்க, சரி. பின்னாடி எதுக்கு?"

"திருடன் பின்னாடி வர மாட்டானா?"

"ரிவர்ஸ் எடுக்கறப்ப என்னாத்தப் பாப்பீங்க?"

"சைட் மிரர் இருக்குலா."

"இருந்தும் பக்கத்து வீட்டு வேலிய சாச்சிட்டீங்க."

"அதுக்குத்தான் ஒன்ன எறங்கி நின்னு சொல்லச் சொல்றேன்."

"நிக்கிறேன். மழையில நின்னு 'போதும், போதும்'னு கத்துறேன். உள்ள ரேடியோ பாடுது. ஒங்களுக்கு எங்க கேக்குது?"

"கேக்குது, கேக்குது."

"நேத்து கேட்டுச்சா? பம்பர் என் முட்டியில இடிச்சிருச்சிங்க. வேலியில சாஞ்சிக்கிட்டு வண்டியத் தட்டுனேன்."

அவர் மனைவியின் முழங்காலைப் பார்த்தார்.

"ஏன் சொல்லல?"

"கத்துனேன்னு சொன்னேனே."

ரயில் திரோய் ஸ்டேஷனைத் தாண்டியது.

"பின்னாடி அடைச்சத மட்டும் வெட்டி எடுத்திடறேன்," என்றார் அவர்.

"திருடன் வந்தா?"

"வந்துட்டுப் போறான்."