சிரிப்பைச் சம்மதம் என்று எழுதியவன்

அன்பால் இந்த அவையை ஆளும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே! கடை திறந்து கடை அடைத்தே தலை நரைத்த பெரியோர்களே! வீட்டையும் வியாபாரத்தையும் ஒரே தோளில் சுமந்தபடி முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே! இடம் கிடைக்காமல் சுவரோரம் சாய்ந்து நிற்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே! நின்றவர்க்கும் அமர்ந்தவர்க்கும் என் நெஞ்சார்ந்த வணக்கம்.

எனக்குப் பின்னால் நான் எடுத்த ஒரு படம் நீலத்துணி போர்த்தி நிற்கிறது. ‘நம்பிக்கையின் முகம்’ என்று பெயர் சூட்டி, ஆண்டின் சிறந்த நிழற்படமாக அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். திரையை விலக்கத் தலைவர் எழுந்தும்விட்டார். ஐயா, தயவுசெய்து உட்காருங்கள். அந்தத் திரையை விலக்கும் உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினேன்.

என்ன அண்ணே, பசிக்கிறதா? எனக்கும்தான் பசிக்கிறது. பந்திக்கு முன்னால் முடித்துவிடுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாண்டுகள் ஊர் ஊராக அலைந்தேன். எதற்காக? மலையைப் படம் பிடிக்கவா? மாளிகையைப் படம் பிடிக்கவா? மறைந்துகொண்டிருக்கும் கடைப் பழக்கங்களைப் படம் பிடிக்க! விளக்கொளியில் நிறம் ஏமாற்றும் என்று, துணியை வாசலுக்குத் தூக்கிவந்து வெயிலில் விரித்துக் காட்டும் ஜவுளிக்காரரை எடுத்தேன். மருந்துப் பெட்டியின் தேதியை வாங்குபவரையே உரக்க வாசிக்கச் சொல்லும் மருந்துக்கடை அம்மாவை எடுத்தேன். அப்படி அலைந்தபோது போய்ச் சேர்ந்த இடம்தான், ஊரார் ‘மோட்டார் அக்கா’ என்று அழைக்கும் ஒருவரின் பழுதுபார்க்கும் கடை.

பத்தடிக்கு எட்டடி. தையல் மெஷின், மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி என்று சுழல்வது, சுடுவது அத்தனையும் அங்கே வரும். எதையும் உரியவர் கண்ணெதிரேதான் அக்கா திறப்பார். கழற்றிய பழைய பாகத்தைத் துடைத்து, காகிதத்தில் மடித்து, அவர் கையிலேயே கொடுத்துவிடுவார். “இது எதுக்குக்கா, குப்பைதானே?” என்று கேட்டேன். “குப்பையா இல்லையான்னு அவங்க முடிவு பண்ணட்டும். பொருள் அவங்களோடது” என்றார். கேமராவைத் தூக்கினேன். சிரித்தார். எடுத்தேன். அந்தச் சிரிப்புத்தான் இந்தத் துணிக்குப் பின்னால் இருக்கிறது.

இனி என் குற்றம். வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பழுது பார்க்கும் ஒரு புது நிறுவனம், விளம்பரத்துக்கு என்னிடம் அந்தப் படத்தைக் கேட்டது. அவர்கள் தந்த படிவத்தில் ஒரு கேள்வி: ‘படத்தில் இருப்பவரின் சம்மதம் உண்டா?’ நான் என்ன எழுதினேன் தெரியுமா? ‘உண்டு’ என்று எழுதினேன். அதுதான் சிரித்தாரே! அன்பர்களே, சிரிப்பைச் சம்மதம் என்று எழுதியவன் நான்! படம் எடுப்பவனுக்கென்றே வாய்த்த பிழை இது. ஒரு முகம் படச் சட்டத்துக்குள் அழகாக விழுந்துவிட்டால், அந்த முகத்துக்குச் சொந்தமாக ஒரு வாய் உண்டு என்பதே மறந்துபோகிறது.

அக்காவின் ஊரிலேயே பேருந்தின் முதுகில் அக்கா சிரித்தார். கைப்பேசிதோறும் சிரித்தார். ஊர் என்ன நினைக்கும்? நம் அக்கா பெரிய கம்பெனியில் சேர்ந்துவிட்டார் என்றுதானே! நெடுநாள் வாடிக்கையான தையல்காரம்மா ஒருவர், விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்துத் தன் மெஷினைக் கொடுத்தார். வீட்டில் வைத்துப் பார்க்காமல் எங்கோ கொண்டுபோனார்கள். நாற்பது நாள் கழித்து வந்த மெஷின் ஓடவில்லை. உள்ளே எதை எடுத்தார்கள், எதை வைத்தார்கள் என்று சொல்லவும் ஆளில்லை. பள்ளிச் சீருடை தைக்கும் பருவமே அந்த அம்மாவின் கையைவிட்டுப் போயிற்று.

நேரே அக்காவின் கடைக்கு வந்தார். “உன் மூஞ்சியப் பாத்துத்தானே குடுத்தேன்! இப்படிப் பண்ணிட்டியே!”

“நான் எங்கம்மா வாங்கினேன்?”

“பஸ்ல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறியே, அது யாரு?”

இருபது ஆண்டாக வந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் வாசலைத் தாண்டிப் போகத் தொடங்கினார்கள்.

இது எதுவும் தெரியாமல், உங்கள் பரிசுச் செய்தி தந்த பூரிப்போடு, படத்தின் பிரதியை ஏந்திக்கொண்டு அங்கே போய் நின்றேன் நான்! அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஒரு ஸ்குரூவக்கூட யாரையும் கேக்காம நான் வச்சுக்கிட்டதில்ல தம்பி. நீங்க என் மொகத்தையே எடுத்துட்டுப் போயிட்டீங்களே.”

அழுதேன். ஆம், அங்கேயே நின்று அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நிறுவனத்தின் மேலாளரிடம் ஓடினேன். பாவம், அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “நீங்க ‘உண்டு’ன்னு எழுதினத நம்பித்தானே சார் போட்டோம்!” என்றார். நியாயம்தானே? அன்றே விளம்பரத்தை இறக்கினார். தையல்காரம்மாவின் வீட்டுக்குத் தானே போய் மன்னிப்புக் கேட்டார். மெஷினை அக்காவே பிரித்து ஓட வைத்தார். ஆனால் விலகிப்போன வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இன்னும் திரும்பவில்லை.

வணிகப் பெருமக்களே! நம்பிக்கை நம்பிக்கை என்று எதை நாம் நாடுகிறோம்? பளபளக்கும் பலகையையா? பக்கம் பக்கமான விளம்பரத்தையா? வருகிறவர் ‘வேண்டாம்’ என்று சொல்ல நம் கடையில் வழி வைத்திருக்கிறோமா? வாங்கும் முன் வேண்டாம் என்று சொல்ல! தன் தொலைபேசி எண்ணைத் தரும் முன் வேண்டாம் என்று சொல்ல! தன் பெயரையும் முகத்தையும் நாம் எடுத்து ஆளும் முன் வேண்டாம் என்று சொல்ல! அந்த வழியை அடைத்துவிட்டு வாங்கும் சம்மதத்துக்குப் பெயர் நம்பிக்கை அல்ல, சாமர்த்தியம், தோழர்களே! கைதட்டாதீர்கள், நானே அப்படிச் செய்தவன்.

இன்று காலை மோட்டார் அக்கா இங்கே வந்திருந்தார். இத்தனை பேர் முன்னால் கேட்டால் அதுவும் ஒரு நெருக்கடி என்பதால், கூட்டம் சேரும் முன்பே இந்தத் துணியை விலக்கி அவருக்கு மட்டும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா வேணாம் தம்பி” என்றார்.

“நடந்ததச் சொல்லலாமாக்கா?”

“அதச் சொல்லுங்க. அந்தக் கம்பெனிக்கும் எனக்கும் சம்பந்தமில்லன்னு நாலு பேருக்குத் தெரியட்டும். படம் மட்டும் வேணாம்.”

கடை திறக்க நேரமாயிற்று என்று புறப்பட்டுவிட்டார். ஏன் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே தலைவர் அவர்களே, பரிசை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். படத்தைத் துணியோடு நான் எடுத்துப் போகிறேன். எத்தனையோ முகங்களை எடுத்தவன், வாழ்நாளில் முதல்முறையாக ஒருவரைக் கேட்டேன். ‘வேணாம்’ என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். இனி என்னிடம் அப்படிச் சொல்லலாம் என்று அவர் நம்பியிருக்கிறார், ஐயா! எனக்கு அது போதும்.

பசியோடு பொறுத்திருந்த உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.